காலில் விழுந்தால் முடிந்தது

பூங்கோதை கவுன்சிலர் ஆகும்வரை அவளை யாரும் மேடையேறிப் பேசச் சொன்னதில்லை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் எட்டு வருடம் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். 2006 தேர்தலில் வார்டு பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டதும், கட்சியிலும் பெரிய கையான கம்பெனி முதலாளி நடராசன், தன்னிடம் சூளை வேலை பார்க்கும் தனக்கோடியின் பெண்டாட்டியான இவளையே நிறுத்தினார். சொன்னதைக் கேட்கிற பெண் என்று நினைத்திருப்பார். அப்படித்தான் இருந்தாள்.

தெருவுக்கு வரவேண்டிய ஆழ்குழாய்த் தண்ணீர் நடராசனின் கம்பெனிக்குள் போய் மண் கரைக்கப் பயன்பட்டது. தெருவில் குழாய் போட்டுத் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதிய தாளில் பூங்கோதை கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். ஐந்து மாதம் வாயே திறக்கவில்லை. கோடை வந்ததும் பெண்கள் குடத்தோடு ரயில்வே கேட் தாண்டி நடந்தார்கள். ஒருநாள் மாலை தெருமுனைக் கோயில் வாசலில் கூடி, கவுன்சிலர் வந்தே தீரவேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

அவள் கிளம்பும்முன் நடராசன் வீட்டுக்கே வந்து யோசனை சொன்னார்.

"காரணம் கீரணம் எதுவும் பேசாதம்மா. நேரா போயி வயசானவங்க கால்ல வுழுந்துடு. ஒரு அழுவ அழுதுடு. பொம்பளைங்க எளகிடுவாங்க. அப்புறம் யாரு கேள்வி கேக்கப்போறா?"

மனுஷன் சொன்னதில் தப்பில்லை. நம் ஊரில் காலில் விழுந்தவரைத் தூக்கிவிட்டு, நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவோம். வேறு எதுவும் பேசினால் தனக்கோடி நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

"வுழுந்துடு பூங்கோத. ரெண்டு நிமிசம்தான்" என்றான் தனக்கோடி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

கோயில் வாசலில் நூறு பேர் இருந்தார்கள். முன்வரிசையில் சொர்ணாம்பாள், இடுப்புவலியோடு தினமும் ஆறு குடம் சுமக்கிறவள். பூங்கோதை அவள் முன்னால் போய் நின்றாள். குனிந்தே விட்டாள்.

"அய்யோ, வேணாம்மா, எழுந்திரு" என்று சொர்ணாம்பாள் பதறி அவள் தோளைப் பிடித்தாள்.

அவ்வளவுதான், எல்லாம் முடியப்போகிறது. அந்தப் பரிவுதான் பூங்கோதையைச் சுட்டது. ஏமாற்றுவது இத்தனை சுலபமா என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. நிமிர்ந்தாள்.

"கொழா போட்டாச்சுங்க. தண்ணி நடராசன் கம்பெனிக்குப் போவுது. தெருவுக்கு வந்துடுச்சின்னு கையெழுத்து போட்டது நானு. தெரிஞ்சேதான் போட்டேன்."

பின்னால் நின்ற தனக்கோடி விறுவிறுவென்று நடந்து போய்விட்டான். யாரும் கைதட்டவில்லை. சொர்ணாம்பாள் அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"அஞ்சு மாசமா எங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"ஆமாங்க."

"உன் வூட்டுக்குத் தண்ணி எங்கேருந்து வந்துச்சி?"

அழுகை முட்டியது. பல்லைக் கடித்து அடக்கினாள். அழுதால் இவர்கள் இரங்கிவிடுவார்கள்.

"கம்பெனிலேருந்து டிரம்முல வந்துச்சிங்க."

சொர்ணாம்பாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நில்லு. இன்னும் கேக்கணும்" என்றாள்.