எதிர்ப் பக்கத்து எம்.பி.க்கு எடுத்த ஆரத்தி

ஓரகடம் போகிற வழியில் பனையாத்தூர் கூட்ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் சந்திரம்மாளை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் கம்பெனி பஸ் ஓட்டுகிற எந்த டிரைவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அவள் போட்ட டீ உள்ளே போகாமல் அவருக்குக் கியர் விழாது. கடை என்றால் தள்ளுவண்டிதான். பேருக்குத்தான் தள்ளுவண்டி, அதை யாரும் தள்ளிப் பார்த்ததில்லை. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த செங்கற்கள் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டன. வீட்டுக்காரர் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டி. குடும்ப விவகாரம் எதிலும் அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டார். ஆகவே வாயும் கடையும் சந்திரம்மாள் பொறுப்பு.

அவளுடைய நாத்தனார் கோவிந்தம்மாவை அதே ஊரில், சாலைக்கு எதிர்ப்பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அப்போதெல்லாம் பனையாத்தூர் முழுக்க ஸ்ரீபெரும்புதூர் தொகுதிதான். ஓட்டு நாள் வந்தால் அண்ணியும் நாத்தனாரும் பெட்டியிலிருந்து நல்ல புடவை எடுத்துக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, ஜோடியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். திரும்பும்போது யார் விரலில் மை எடுப்பாக இருக்கிறது என்று வழியெல்லாம் சண்டை. அது சண்டையா என்ன, கொஞ்சல்.

இரண்டாயிரத்து எட்டில் நாடு முழுக்கத் தொகுதிகளைக் கலைத்துப் பிரித்தார்கள் அல்லவா, அப்போது பனையாத்தூரையும் விடவில்லை. வீடு அங்கேயே இருக்கிறது, ஆள் அங்கேயே இருக்கிறார், கோடு மட்டும் எங்கிருந்தோ வந்து நட்டநடுச் சாலையில் விழுந்தது. சந்திரம்மாள் பக்கம் ஸ்ரீபெரும்புதூரிலேயே நின்றது. கோவிந்தம்மா பக்கம் அடுத்த தொகுதிக்குப் போய்விட்டது. அந்த வருஷத்திலிருந்து இவளுக்கு ஒரு எம்.பி., அவளுக்கு ஒரு எம்.பி. என்னமோ ரெண்டு பேரையும் இவர்களே பெற்று வளர்த்த மாதிரி பேச்சு ஆரம்பித்தது. எதிர்ப்பக்கம் அந்த எம்.பி. நிதியில் உயரமான கம்பத்தில் பெரிய விளக்கு ஒன்று போட்டார்கள். வெளிச்சத்துக்குத் தொகுதி தெரியுமா, அது சாலையைத் தாண்டி டீக்கடை மேலும் விழுந்தது.

"இன்னா அண்ணி, எங்க தொகுதி வெளிச்சத்துலதான் உன் கடையே நடக்குது போல கீது?" என்றாள் கோவிந்தம்மா.

சந்திரம்மாள் பேச்சை நிறுத்தினாள். நிறுத்தினால் நிறுத்தினதுதான். சாவு வீட்டில்கூட ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதார்கள்.

அப்புறம் சாலையை அகலப்படுத்தினார்கள், கடைக்குப் பின்னால் இருந்த வேப்பமரம் போயிற்று. அங்கேதான் வந்தது சிக்கல். கம்பெனி வேலைக்கு வந்து சுற்றுவட்டாரத்தில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் தெற்கத்திப் பிள்ளைகள் அத்தனை பேரும் பஸ் ஏறுவது அந்த இடத்தில்தான். பஸ் காலியாக வந்து, கடையை ஒட்டிய பொட்டல் மனையில் திரும்பும், டிரைவர் டீ குடிப்பார், ஆட்கள் ஏறுவார்கள். மரம் போனபின் வெயில் அவர்கள் தலைமேல், மழையும் அவர்கள் தலைமேல். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் இசக்கிசெல்வி நனைந்த சுடிதாரோடு கம்பெனியில் ஏசி போட்ட உற்பத்தி லைனில் ஷிப்டு முழுக்க நின்றுவிட்டு, காய்ச்சலில் விழுந்தாள். சந்திரம்மாள்தான் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்தவள், இங்கே ஒரு நிழற்குடை வந்தே ஆகவேண்டும் என்று பிடித்த பிடியை விடவில்லை.

கட்சிக் கிளைச் செயலாளர் எழிலரசனைக் கூப்பிட்டாள். அவன் டீயை ஊதிக்கொண்டே நிற்கிற கூட்டத்தைப் பார்த்தான்.

"இதுல எத்தினி ஓட்டு தேறும்க்கா?"

"ஏம்மா இசக்கி, உனக்கு ஓட்டு எங்க கீது?" என்று கேட்டாள் சந்திரம்மாள்.

"தென்காசி தொகுதில இருக்குக்கா. இவளுக்குத் தூத்துக்குடி. அந்தா நிக்கானே, அவனுக்கு ராமநாதபுரம்."

எழிலரசன் உதட்டைப் பிதுக்கினான். "நனையறது இங்க, ஓட்டு அங்க. எந்த எம்.பி.க்கா கொட போடுவாரு?"

அடப்பாவி, மழைக்குமா வாக்காளர் அட்டை காட்டவேண்டும்? சந்திரம்மாளுக்கு ஆத்திரமாக வந்தது.

கடந்த நாடாளுமன்றத் தேர்தலில் அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. மேளம், வெடி, திறந்த ஜீப், வேட்பாளர். நேரே அவள் கடைக்கே வந்து நின்றது ஜீப். சந்திரம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாளா, பேரைக் கேட்டாளா? தன் கட்சித் துண்டின் நிறத்தைப் பார்த்தாள், போதாதா! மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து, கற்பூரம் கொளுத்தி ஆரத்தி சுற்றினாள். நெற்றியில் பொட்டு வைத்த கையோடு, "ஐயா, புள்ளைங்க மழைல நனையுதுங்க, ஒரு நிழற்குடை கட்டிக் குடுங்க" என்றாள். அவருக்கும் நல்ல மனசு. மைக்கிலேயே, "இந்த அம்மா கேட்ட நிழற்குடை என் முதல் வேலை" என்று சொல்லிவிட்டார். கூட்டம் விசிலடித்தது.

பெரிய வண்டி எது வந்தாலும் அந்தப் பொட்டலில்தான் திரும்பவேண்டும். ஜீப்பும் திரும்பத்தான் வந்தது. அவர் எதிர்ப் பக்கத்து வேட்பாளர்!

எதிர்ப்பக்கம் நின்று பார்த்த கோவிந்தம்மாவுக்குச் சிரிப்பில் இடுப்பே பிடித்துக்கொண்டது. பேச்சுவார்த்தை இல்லாததால் அண்ணியிடம் சொல்ல முடியவில்லை. அதனால் ஊர் முழுக்கச் சொன்னாள்.

அவர் ஜெயித்தார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார். ஆனால் அவர் நிதியில் அவர் தொகுதிக்குள்தானே கட்டமுடியும்? நிழற்குடை எழுந்தது சாலைக்கு எதிர்ப்பக்கம், கோவிந்தம்மா வாசலுக்கு நேரே. கிரானைட் திண்டு, மின்விசிறி, கொட்டை எழுத்தில் எம்.பி. பெயர். உள்ளே இரண்டு ஆடுகள் குடியேறின. பஸ்ஸோ வழக்கம்போல டீக்கடையில் நின்றது, பிள்ளைகளும் வழக்கம்போல நனைந்தார்கள்.

"டீ கெடைக்கிற எடத்துலதான் பஸ்ஸு நிக்கும். கடையை அந்தாண்ட போட்டா முடிஞ்சது சோலி" என்றான் எழிலரசன்.

"அவ வாசல்ல போய் நானா? என் பொணம்கூட அந்தாண்ட போவாது."

ஐப்பசி மழை வந்தது. ஒருநாள் காலை கொட்டிய கொட்டில் பிள்ளைகள் பொறுக்கமாட்டாமல் எதிர் நிழற்குடைக்குள் ஓடி ஆடுகளோடு ஒதுங்கினார்கள். பஸ் வந்து பொட்டலில் திரும்பியதும் எல்லோரும் சாலையைத் தாண்டி ஓடிவந்தார்கள். நடுச்சாலையில் இசக்கிசெல்விக்குக் கால் வழுக்கியது. டிபன்பாக்ஸ் திறந்து சோறெல்லாம் ரோட்டில். ஒரு டிப்பர் லாரி அலறிக்கொண்டு வந்து, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

சந்திரம்மாள் ஓடிப்போய் அவளைத் தூக்கினாள்.

"ஒண்ணுமில்லக்கா. சோறுதான் போச்சு" என்றாள் அந்தப் பெண், முழங்கை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு.

சந்திரம்மாள் கடைக்குத் திரும்பினாள். கரண்டியின் காம்பால் செங்கல்லைத் தோண்ட ஆரம்பித்தாள்.

"இன்னாத்த பாத்துகினு நிக்கறீங்க? தள்ளுங்கடா!"

டிரைவர் தள்ளினார், எழிலரசன் தள்ளினான், தென்காசியும் தூத்துக்குடியும் ராமநாதபுரமும் சேர்ந்து தள்ளின. துருப்பிடித்த சக்கரம் கத்திய கத்தலில் ஆடுகள் வெளியே பாய்ந்தன. பால் தளும்பத் தளும்ப, அடைமழையில் சந்திரம்மாள் கடை தொகுதி மாறியது.

கோவிந்தம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் அண்ணியை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே போய்த் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அண்ணியின் தலையில் போட்டாள். இன்னொரு கையில் ஒரு தூக்குச்சட்டி.

"அந்தப் பொண்ணுக்குக் குடு. புளிசோறு."

சந்திரம்மாள் ஒரு டீ போட்டு நாத்தனார் கையில் கொடுத்தாள். அத்தனை வருஷத்துக்கும் அதுதான் சமாதானம்.

இப்போது பஸ்கள் முதலில் நிழற்குடையில் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு, பிறகு போய்த் திரும்புகின்றன. அண்மையில் ஒருநாள் எழிலரசன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு சேதி சொன்னான்: தொகுதிகளை மறுபடியும் மாற்றியமைக்கப் போவதாகப் பேச்சு, கோடு எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது, ரெண்டு பக்கமும் ஒன்றானாலும் ஆகும்.

சந்திரம்மாள் டீ ஆற்றுவதை நிறுத்தினாள். "அப்ப ஒண்ணா ஓட்டுப் போட போலாமாடி, கோவிந்தம்மா?"

"போலாம். நல்ல பொடவை எடுத்து வை" என்றாள் கோவிந்தம்மா. "ஆரத்தித் தட்டு மட்டும் என் கையில குடுத்துடு அண்ணி."