ஒழுகாத லொறி

அப்பாவின் லொறி அவர் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கியது. மீன்பெட்டிகளின் உப்புத் தண்ணீரில், சாரதி இருக்கும் முன்கூண்டின் தகடுகள் பொருத்துக்குப் பொருத்து கறள் பிடித்திருந்தன. மழைக்கு அப்பா உள்ளே குடை பிடித்துக்கொண்டு ஓட்டுகிறார் என்று மாமா குருநகர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

அந்த வருடப் பெருநாளுக்கு மாதா சொரூபத்தை எங்கள் லொறியில் ஏற்றுவதென்று முடிவானது. லொறி யாருடையதோ, சொரூபத்துக்குப் பக்கத்தில் சிறகு கட்டிய சம்மனசாக நிற்பதும் அந்த வீட்டுப் பிள்ளைதான். எனக்கு ஏழு வயது. பஞ்சு ஒட்டிய செட்டைகள் அலுமாரிக்கு மேல் தயாராக இருந்தன.

ஆனால் அப்பா ஒரே பிடியாக நின்றார். "ஒழுகிற கூண்டுக்குப் பெயின்ற் அடிக்க மாட்டன். பெயின்ற் அடிக்காத லொறியிலை மாதாவை ஏத்தவும் மாட்டன்."

அப்படியானால் ஐஸ்காரரின் லொறி வரும். அவருடைய மகளுக்குச் செட்டை முளைக்கும்.

அப்பா கறள் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டினார். ஒரே இடத்தில் தொடர்ந்து ஒட்டினால் சூட்டில் தகடு நெளிந்துவிடுமாம். அதனால் இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டாக நெருப்பு வைத்தார்.

"என்ன அத்தான், கோலம் போடுறியளோ?" என்றார் மாமா.

"நீ வாளியைக் கொண்டா."

பொருத்துகளில் பசையைப் பெருவிரலால் இழுத்து நிரப்பி, அது காய்ந்த பிறகு சோதனை. மாமா கூரையில் ஏறி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். கதவை மூடிக்கொண்டு சாரதி ஆசனத்தில் நான்.

"பிள்ளை, தண்ணி வருதே?"

"இல்லை அப்பா."

"வடிவாப் பார்."

கதவுக்கு மேலிருந்து ஒரு சொட்டு என் வலது தோளில் விழுந்தது. பிறகு இன்னொன்று. ஆசனம் நனைந்தால் பிடிபட்டுவிடுவேன் என்று, அசையாமல் எல்லாவற்றையும் தோளிலேயே வாங்கிக்கொண்டேன்.

"ஒரு சொட்டும் இல்லை."

"சம்மனசு பொய் சொல்லுமே? நான் இறங்கட்டே அத்தான்?"

அப்பா கதவைத் திறந்து என் தோளைப் பார்த்தார்.

"வேர்வை அப்பா," என்றேன்.

"ஓம், உள்ளுக்குள்ளை சரியான வெக்கைதான்." பிறகு மாமாவிடம், "பெயின்றை எடு" என்றார்.

அப்பாவையே ஏமாற்றிவிட்டேன் என்று அன்று முழுக்க எனக்குத் தலை கால் தெரியவில்லை.

பெருநாள் காலை நல்ல வெயில். அப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டு, வலது தோளில் துவாயை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"மாதாவைக் கொண்டுபோறியளோ, மீன் ஏத்தப் போறியளோ? கழட்டுங்கோ உந்தத் துவாயை," என்றார் அம்மா.

"வேர்க்கும். கிடக்கட்டும்."

பவனி பாதி வழி போனபோது மழை கொட்டியது. மாதாவுக்குப் படங்கு போர்த்தார்கள், சம்மனசுக்கு ஒன்றுமில்லை. என் செட்டைகள் நனைந்த கோழியின் செட்டைகளாகத் தொங்கின. கூண்டுக்குள் அப்பா மட்டும் சொகுசாகப் போகிறாரே என்று பொறாமையாக இருந்தது.

அப்பா கண்மூடி மூன்று மாதம். லொறியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். போன கிழமை மழையில் கதவுக்கு மேலிருந்து ஒரு சொட்டு என் வலது தோளில் விழுந்தது. அதே இடம். முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு பாதை தெரியவில்லை. லொறியை ஓரமாக நிறுத்தினேன்.

அந்தப் பெருநாள் காலையில் வானத்தில் ஒரு முகில்கூட இருக்கவில்லை. துவாய் அப்போதே அப்பாவின் தோளில் இருந்தது.