ஒரு ஷாஃப்டுக்கு ஓர் ஆம்பளை

அந்த ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே பேர் உட்காரலாம். யுத்தத்துக்கு முந்தைய வண்டி. நீலகிரியில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த என் அண்ணன், நாற்பத்தெட்டில் சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து வாங்கியது. மூன்றாவது குழந்தை பிறந்ததும் அண்ணனுக்கு அந்த வண்டி உதவாமல் போயிற்று. புதுக்கோட்டையில் பெண்கள் ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த எனக்குக் கொடுத்துவிட்டார்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து சீட்டில் நர்ஸ், அவள் மடியில் மருந்துப் பெட்டி. எங்களுக்கு அது போதும். குன்றாண்டார்கோவில் பக்கமோ கறம்பக்குடி பக்கமோ பிரசவம் சிக்கலாகிவிட்டது என்று ஆள் வந்தால், ஆஸ்பத்திரி வேன் கிளம்புவதற்குள் நாங்கள் பாதி தூரம் போயிருப்போம்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு நாள், இன்ஜின் ஓடியது, கியரும் விழுந்தது, வண்டி மட்டும் நகரவில்லை. பின் சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட் முறிந்துவிட்டது என்றார் மெக்கானிக். திருச்சியில் ஒரு லேத் பட்டறையில் அதே அளவுக்குக் கடைந்து வாங்கி மாட்டினார். மாட்டும்போதே அவர் முகம் சரியில்லை.

"இது தாங்காதுங்கம்மா. சீமை இரும்பு வேற, இது வேற. ஒரிஜினல் சாமான் தேடுங்க."

மூன்றே வாரம். கறம்பக்குடி போகிற வழியில், நல்ல உச்சி வெயிலில், அது முறுக்கிக்கொண்டு உடைந்தது. நானும் நர்ஸும் நடந்தோம். பிறகு ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் தாமதம். தாயைப் பிழைக்க வைத்தேன். குழந்தை போய்விட்டது. நேரத்துக்குப் போயிருந்தால் குழந்தை தங்கியிருக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. டாக்டராக இருப்பதால்தான் சொல்ல முடியாது என்கிறேன்.

மறுநாளே மதராஸில் சாமான் விற்கும் ஒரு கம்பெனிக்கு எழுதினேன். என் பெயருக்கு முன்னால் 'மிஸ்' என்று தெளிவாகப் போட்டிருந்தேன். 'டியர் சார்' என்று பதில் வந்தது. சாமான் கைவசம் இல்லையாம், இறக்குமதி லைசென்ஸ் கிடைத்தால் தெரிவிப்பார்களாம். நான் சார் இல்லை, வண்டி அவசரமாக வேண்டும், பழைய சாமானாக இருந்தாலும் பரவாயில்லை என்று மறுபடி எழுதினேன். இரண்டாவது பதில் இன்னும் மோசம். காரின் சொந்தக்காரரையே கையெழுத்துப் போட்டு எழுதச் சொல்லவும் என்றிருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர்தான் இருக்கிறது என்று மூன்றாவது கடிதம் போட்டேன். அதற்குப் பதிலே இல்லை.

மெக்கானிக்தான் அந்தத் தகவலைக் கொண்டுவந்தார். திருமயம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், மலாயாவில் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தில், இதே கம்பெனியின் இதே வண்டி நிற்கிறதாம். பெரிய மகன் ஆசைப்பட்டு வாங்கியது. அவன் பினாங்கிலேயே தங்கிவிட்டதால் வருஷக்கணக்காக யாரும் தொடவில்லை.

எனக்குத் தெரிந்த வீடுதான். அந்த வீட்டு மகளுக்குத் தலைப்பிரசவம் பார்த்தது நான். ஞாயிற்றுக்கிழமை நர்ஸைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனேன்.

வீட்டுப் பெரியவர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க டாக்டரம்மா, வாங்க" என்று வாய் நிறையச் சொன்னார். ஆச்சி பலகாரமும் காபியும் கொண்டுவந்து வைத்தார். பேரனைத் தூக்கிவந்து காட்டினார்கள். பெரியவரே கொட்டகைக்கு அழைத்துப் போனார். வண்டி ஒரு மூலையில் நின்றது. நாலு டயரும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. சீட்டில் பூனை குட்டி போட்டிருந்தது.

நான் விஷயத்தைச் சொன்னேன். விலை எதுவானாலும் கொடுக்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"அதுக்கென்னங்க, குடுக்கலாம். ஒங்க வீட்டு ஆம்பளை யாரையாச்சும் இங்கிட்டு வரச் சொல்லுங்க. பேசிக்கிறோம்."

"என் வீட்ல நான் மட்டும்தாங்க. வண்டி என்னோடது."

"இருக்கட்டும்மா. அண்ணன் தம்பி இருப்பாங்கள்ல? இந்த மாதிரி சாமானெல்லாம் பொம்பளைக கையில எடுத்துக் குடுக்கிறது நல்லாவா இருக்கும்?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த பலகாரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்வது போலத்தான் சொன்னார். அவருடைய மகள் இரண்டு நாள் வலியில் துடித்தபோது இதே கைகளைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் காப்பாத்தணும்" என்று அழுத மனிதர் அவர். மகளின் உயிரை இந்தக் கையில் கொடுக்கலாமாம், ஒரு முழ இரும்பைக் கொடுக்கக்கூடாதாம்! அதை அப்படியே கேட்டிருக்க வேண்டும். "சரிங்க, வாரேன்" என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் நர்ஸ் ஏதோ சமாதானம் சொல்லப் போக, அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

நான்கு நாள் பொறுத்தேன். கறம்பக்குடிப் பக்கமிருந்து மறுபடி ஆள் வந்தபோது, வேனுக்காகக் காத்து நின்ற நேரத்தில் தீர்மானம் செய்தேன். வேன் டிரைவரைக் கூப்பிட்டு, அவருக்கு லீவு இருக்கும் நாளில் திருமயம் பக்கம் போய்வரச் சொன்னேன். ஐம்பது வயதுக்காரர், சாது.

"பொய் சொல்ல வேணாம். ஒரு வண்டிக்கு ஷாஃப்ட் வேணும்னு மட்டும் கேளுங்க."

போன அன்று மாலையே ஒரு சாக்கு மூட்டையோடு வந்தார். இரண்டு பக்கத்து ஷாஃப்டும் இருந்தன. அதோடு, சீமையிலிருந்து வந்து மெழுகுத்தாள்கூடப் பிரிக்காத பேரிங், கேஸ்கட், ஸ்பார்க் பிளக் எல்லாம் ஒரு மரப்பெட்டியில். பெரியவர் காசே வாங்கவில்லையாம்.

"யாரு, எவருன்னு ஒரு வார்த்தை கேக்கலைங்கம்மா. சும்மா கெடக்குற இரும்புதானே, யாருக்காச்சும் ஒதவட்டும்னாரு. ஸ்பேனர் எடுத்துக் குடுத்து, கூட நின்னு வெளக்கு புடிச்சாரு. சோறு போட்டாங்க." மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குத்தான் கேவலமா இருந்துச்சு" என்றார்.

பெரியவர் கஞ்சராக இருந்திருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும். அவர் தாராளமான மனிதர். அந்தத் தாராளத்துக்கு நான் ஆள் இல்லை, அவ்வளவுதான். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கறம்பக்குடி ரோடு ஞாபகம் வந்தது. மெக்கானிக்கை வரச் சொன்னேன்.

வண்டி ஓடியது. இரண்டு வாரம் கழித்து நானே தனியாக அதை ஓட்டிக்கொண்டு அந்த வீட்டு வாசலில் போய் நிறுத்தினேன். பெரியவர் வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். காலியாக இருந்த பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

"டிரைவரு எங்கங்க?"

"நான்தாங்க ஓட்டிட்டு வந்தேன். நீங்க குடுத்த ஷாஃப்டுதான். நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அவரு கேட்டாருன்னுல்ல குடுத்தேன்."

"அவருகிட்ட ஒரு சைக்கிள்கூடக் கெடையாதுங்க."

"அதுக்கில்லம்மா. நீங்க ஓட்டி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா பழி என் மேல வரும்ல?"

"அவரு ஓட்டி ஆச்சுன்னா வராதா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. "இந்தச் சாமான் இல்லாமத்தான் ஒரு குழந்தை போச்சு. அந்தப் பழி யாருக்குங்க?"

உள்ளேயிருந்து ஆச்சி, "டாக்டரம்மாவை வெயில்ல நிக்க வைக்காதீங்க" என்று குரல் கொடுத்தார். பெரியவர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காப்பி சாப்பிட்டுப் போங்க" என்றார். நான் சாப்பிடாமல் கிளம்பினேன். அது மரியாதைக் குறைவுதான். தெரிந்தேதான் செய்தேன்.

வண்டி அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஓடியது. ஏழு வருஷமும் அதற்கு ஏதாவது தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் பம்ப், கார்ப்பரேட்டர், கடைசியில் ஸ்டியரிங்கூட அந்தக் கொட்டகையிலிருந்துதான் வந்தது. ஒவ்வொரு முறையும் வேன் டிரைவர்தான் போனார். யாருக்காகக் கேட்கிறார் என்று பெரியவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். நான் ஒரு வரி எழுதி அனுப்பினால் எடுபடாது, டிரைவர் போய் நின்றால் ஸ்பேனரும் சோறும் கிடைக்கும். நேரில் போய் அத்தனை பேசியவள், ஒவ்வொரு தடவையும் அவரை அனுப்பவும் செய்தேன். அந்த வெட்கமும் என் கோபத்தில் ஒரு பங்கு.

இலவசமாகக் கொடுத்த மனிதரைப் போய்க் குறை சொல்லலாமா என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன்.