ஆணியில் தொங்கிய பேட்ஜ்

எக்ஸ்ரே அறையில் விழும் அடி வலிக்காது. அதனாலேயே முதலாளிமாருக்குப் பிடித்த தண்டனை அது. எழுபதுகளின் கடைசியில், தேயிலைக் கொழுந்துக் காட்டில் தொழிற்சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறேன் என்று என்னைக் கேமரன் மலைத் தோட்ட ஆஸ்பத்திரியின் அந்த அறைக்கு எடுபிடியாகத் தூக்கிப் போட்டார்கள். அப்படித் தூக்கிப் போடப்பட்ட தோழர்களே, கேளுங்கள்.

ஆணிக்கு விழுந்த கதிர்

உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்க, சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் உண்டு. உள்ளே சின்ன பிலிம். மாதாமாதம் கோலாலம்பூருக்கு அனுப்பினால், அது கறுத்திருப்பதைப் பார்த்து அளவு சொல்வார்கள். எங்களுக்கு வந்தது ஒன்றுதான், மருந்து கொடுத்து எக்ஸ்ரேயும் எடுக்கும் டிரஸர் பெயரில். தொலைந்துவிடும் என்று பயந்து, மனிதர் அதை மிஷினுக்கு எதிரே ஆணியில் மாட்டிவிட்டு, சுவருக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துவார்.

‘கதிர் அதிகம், ஓய்வு கொடுங்கள்’ என்று கடிதம் வந்தது. தோட்ட மேனேஜர் துரை இரண்டு வாரம் லீவு கொடுத்தார். பிரிஞ்சாங் டவுனில் மாமியார் வீட்டில் சாப்பிட்டு, கன்னம் உப்பித் திரும்பிய டிரஸரிடம் ஆயா மாரியம்மா கேட்டாள்:

“ஆணிக்கும் லீவு குடுத்தாங்களா, ஐயா?”

படிக்காத கை

உண்மையில் கதிர் பட்டது அவளுக்குத்தான். அழுகிற பிள்ளைகளை அசையாமல் மிஷின் முன்னால் பிடிப்பது அவள் கை. கல்யாணமாகி ஒரு வருஷம். பிள்ளை தங்குமா என்ற பயம். முடியாது என்றால் மறுநாளே சரிவில் கொழுந்து பறிக்க அனுப்பிவிடுவார்கள்.

அவளுக்கும் பேட்ஜ் கேட்டுத் துண்டறிக்கை அடித்தேன். நல்ல தமிழ், என் தமிழ். துரை அதன்மேல் டீ கோப்பையை வைத்தார். கணக்கெழுதும் கிராணி சிரித்தார்:

“ஆயாவுக்கு எதுக்குய்யா பேட்ஜ்? கையெழுத்தே போடத் தெரியாதுலா!”

கறுத்த பிலிம்

ஆணிப் பேச்சு டிரஸருக்கு உறைத்திருக்க வேண்டும். அடுத்த மாதம் தன் பேட்ஜை அவரே மாரியம்மாவின் மணிக்கட்டில் நாடா போட்டுக் கட்டினார். மாதக் கடைசியில் அனுப்பியதற்கு, கறுத்த பிலிமோடு முன்னதைவிடக் கடுமையான கடிதம் வந்தது. ஆணிக் கதை காதில் விழுந்திருந்த துரையே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்.

“என்ன மேன், மறுபடியும் ஆணியா?”

டிரஸர் மாரியம்மாவைக் காட்டிச் சொன்னார்: “ஆணி இல்லீங்க துரை. இந்தப் பொண்ணோட கை.”

துரை பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்; பிறகு அந்தக் கையை. அந்த வாரமே தச்சர், பிள்ளைகளை உட்கார வைத்துக் கட்ட வார் போட்ட மர நாற்காலி செய்தார். மாரியம்மா பெயரில் பேட்ஜும் வந்தது. மறு வருஷம் பெண் குழந்தை. அதைத் தூக்கி வந்து என்னிடம் காட்டினாள்:

“பாருங்கண்ணே, உங்களாட்டமே ஓயாம கத்துது!”

வாழ்நாளெல்லாம் துண்டறிக்கை எழுதியவன் நான். துரை முழுசாகப் படித்தது ஓர் எழுத்துமில்லாத அந்தக் கறுத்த பிலிமைத்தான்.