இரண்டு பேர் பார்த்த குருவி

என் மாமாவுக்கு அந்த ஒரு வருஷம் பறவைப் பைத்தியம் பிடித்திருந்தது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கள்ளக்குறிச்சியில் பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். சைக்கிள் கடை பாயும் அவரும் பந்தயம் கட்டியிருந்தார்கள். இந்தப் பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கும் நடுவில் யார் அதிக வகைப் பறவைகளைப் பார்க்கிறாரோ அவர் வீட்டுக்கு மற்றவர் விருந்து போட வேண்டும். வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் ஒரு பைனாகுலரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு ஏரிக்கரை ஏரிக்கரையாக அலைவதைப் பார்த்து ஊர் சிரித்தது.

ஆரம்பத்திலேயே தகராறு வந்தது. கோமுகி அணையில் ஏதோ ஒரு வாத்தைப் பார்த்ததாக பாய் சொல்ல, மாமா நம்பவில்லை. சில நாள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சமாதானமாகி ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேர் பார்த்தால்தான் கணக்கு. ஒருத்தர் மட்டும் பார்த்தது, பார்க்காததுதான். பாய்க்கு அவர் சம்சாரம் சாட்சி. மாமாவுக்கு, ஐந்தாவது படித்துக்கொண்டிருந்த நான்.

நான் கறாரான சாட்சி. இலைக்கு நடுவில் வால் மட்டும் தெரிந்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாமா எவ்வளவு கெஞ்சினாலும், "எனக்குத் தெரியல மாமா" என்று சொல்லிவிடுவேன். அவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் பாயிடம், "எங்கக்கா பொண்ணு பொய் சொல்லாது" என்று பெருமையடித்துக்கொள்வார்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வருஷம் அது. புரட்டாசி பிறந்த சமயத்தில் பஸ் நின்றது, பள்ளிக்கூடத்தை மூடினார்கள். சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டி வழியெல்லாம் குறுக்கே சாய்த்திருந்தார்கள். சாய்ந்த மரம் ஒன்றின் மேல், பொந்தை இழந்த இரண்டு ஆந்தைகள் பட்டப்பகலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவற்றை ஏற்கெனவே கணக்கில் சேர்த்தாயிற்று என்று மாமா என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்போது பந்தயத்தில் இரண்டு பேரும் சமம். மாமாவுக்கு வேண்டியது ஆறுமணிக் குருவி. குளிருக்கு முன்னால் வடக்கேயிருந்து வருவது. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கத்தும். கரியாலூர் மலைக்குப் போகிற சாலையில், அடிவாரத்து மூங்கில் புதர்ப் பக்கம் அதன் சத்தம் கேட்டதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஊரே பத்திக்கினு எரியுது, ஒனக்குக் குருவி கேக்குதா? கொழந்தைய வேற இட்டுக்கினு போற" என்று அம்மா திட்டினாள்.

"பஸ்ஸே இல்லக்கா. ரோடு காலியா கெடக்குது. இத வுட்டா நல்ல நாளு கெடைக்காது" என்றார் மாமா.

இருட்டு பிரியும் முன்பே சைக்கிளில் கிளம்பினோம். அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரம் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதற்குக் காவலாக ஒரு அண்ணன் மட்டும் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமாவிடம் படித்தவன். மற்றவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், விடிந்ததும் வருவார்கள் என்றான். மாமா விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டான்.

"கவர்மென்ட் வண்டிக்கே வழி கெடையாது சார். குருவிக்குன்னா வுட்டுர்றோம்."

சைக்கிளை அந்தப் பக்கம் தூக்கி வைத்தான். என்னையும் இடுப்பில் தூக்கி மரத்தைத் தாண்டி இறக்கிவிட்டான். அவன் துண்டில் பீடி வாசனை அடித்தது.

கூப்பிடு தூரத்திலிருந்த புதருக்குள் சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்தோம். அசையாமல், இருமாமல், கொசுவை அடிக்காமல் உட்காருவது எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. வெளிச்சம் வந்தது. சருகுக்குள்ளிருந்து அது துள்ளி வெளியே வந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. முழுசாகப் பார்த்தேன். மாமா என் கையை அழுத்தினார். நானும் திருப்பி அழுத்தினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அப்போதுதான் சாலையில் ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டைகள் தடியோடு குதித்தார்கள். அந்த அண்ணன் மரத்தைத் தாண்டி எங்கள் பக்கமாக ஓடி வந்தான். "சார்! சார்!" என்று கத்திக்கொண்டே வந்தான். பாதி வழியில் பிடித்துவிட்டார்கள்.

"எந்த சாருடா?" என்று ஒருவர் கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. அடிக்கத் தொடங்கினார்கள்.

என் கையிலிருந்த மாமாவின் கை என் வாய்க்கு வந்தது. பறவைகளுக்காகப் பழகிய ஒளிவு அது. எங்களை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் சத்தம் நின்றது. அவனைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், சாய்ந்து கிடந்த மரத்தின் கிளைக்கடியில் போட்டார்கள்.

ஜீப் போன பிறகும் மாமா அவனருகில் போகவில்லை. சாலையை விட்டு, கரும்புக் கொல்லைகளுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தோம். மாமா நடந்ததைச் சொன்னதும் அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னாள்: "அந்த ஆளப் பத்தி வாயத் தொறந்த, தோல உரிச்சிருவேன்."

மரம் வெட்டும்போது கிளை விழுந்து ஒருவன் செத்துப்போனான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த அண்ணனுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. வாசலிலேயே நின்றார்கள்.

"எம் புள்ள உங்களாண்ட படிச்சவன் சாரு. அன்னிக்கு விடிகாலைல நீங்க குருவி பாக்க அந்தாண்ட போனீங்கன்னு சொன்னாங்க. இன்னா நடந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. வேற ஆரும் இல்ல சாரு சொல்றதுக்கு."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் அன்னிக்குப் போவவே இல்லம்மா. ஒடம்பு சரியில்ல, வூட்லதான் இருந்தேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. அந்த அண்ணனைப் பற்றித்தான் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குருவியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

"போனமே மாமா! ஆறுமணிக் குருவி பாத்தமே!"

அம்மா என் தொடையைக் கிள்ளி உள்ளே இழுத்தாள். அதற்குள் அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார்கள். பிறகு மாமாவை வெகுநேரம் பார்த்தார்கள். "சரிங்க சாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு மாமா பைனாகுலரைத் தொடவில்லை. தை பிறந்ததும் பாய் வந்தார். ஜெயித்தவர் மாதிரியே பேசவில்லை.

"எங்க வூட்டுக் கெணத்தாண்டயே ஆறுமணிக் குருவி வந்து நின்னுச்சு வாத்தியாரே. நானும் சம்சாரமும் பாத்தோம். ஒங்களுக்குக் கெடைக்கலியா?"

"கெடைக்கல பாய்" என்றார் மாமா.

சமமாக வந்திருக்க வேண்டிய பந்தயம், ஒரே ஒரு குருவியில் தோற்றுப்போனது. பாய் வீட்டார் எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் மட்டும் சாப்பிடாமல் படுத்திருந்தேன். மாமா மேல் அவ்வளவு கோபம் எனக்கு. இரண்டு பேர் பார்த்தால்தான் கணக்கு என்பது அவரே போட்ட சட்டம். நாங்கள் இரண்டு பேர் பார்த்தோம். அன்றைக்கு அந்தப் புதருக்குள்ளிருந்து இரண்டு பேர் பார்த்தது குருவியை மட்டுமில்லை என்று எனக்குத் தோன்றவேயில்லை.