அப்பா படுத்திருந்த மூன்று மாதம்

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எங்களை ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். ‘நாம் மதிக்கும் அறிவு எவ்வளவு உறுதியானது?’ என்பது தலைப்பு. முதலில் ஒரே ஒரு பக்கத்தில் திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன சொல்லப் போகிறோம், எதை உதாரணமாகக் காட்டப் போகிறோம், அவ்வளவுதான்.

அந்த வாரம் நான்கு நாள் தொடர்ந்து விடுமுறை வந்தது. அயோத்தியாப்பட்டணம் தாண்டி இருந்த எங்கள் விடுதி ஒரே மாலையில் காலியாகிவிட்டது. என் அறைத் தோழிகள் மூவரும் ஊருக்குக் கிளம்பினார்கள். நான் போகவில்லை. அம்மா இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் அப்பா மட்டும்தான். நான் போனாலும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்திருப்போம். கட்டுரை வேலை இருக்கிறது என்று போனில் சொன்னேன்.

“சரி சாமி, படிப்பப் பாரு” என்றார்.

மெஸ்ஸில் ஏழெட்டுப் பேருக்கு மட்டும் சமைத்தார்கள். நீளமான மேசையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் யாரோடும் பேசவில்லை. அறைக்கு வந்தால் மூன்று வெறும் கட்டில்கள். மின்விசிறிச் சத்தம் அத்தனை பெரிதாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

சூரியன் பூமியைச் சுற்றுகிறது என்று ஒரு காலத்தில் நம்பியதை எழுதினேன். கோள்களின் பட்டியலிலிருந்து புளூட்டோவை எடுத்ததை எழுதினேன். வகுப்பில் எல்லோரும் இதைத்தான் எழுதுவார்கள் என்று தோன்றியது. அடித்துவிட்டு, மருத்துவத்தில் மாறிப்போன கருத்துகளை போனில் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலான முதுகுவலிக்கு நீண்ட நாள் படுத்தே இருப்பது நல்லதல்ல, முடிந்தவரை நடமாடுவதுதான் நல்லது என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. இன்னும் நாலைந்து இடங்களில் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதேதான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வடக்கே போனால் வீடு திரும்பப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். ஒரு தடவை வந்தவரால் வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் அம்மா கூட்டிப் போனாள். சுற்றுப்பட்டில் எல்லோருக்கும் அவர்மேல் அவ்வளவு மதிப்பு. அவரைப் பார்க்கக் காலையிலிருந்தே ஜனம் காத்துக் கிடக்கும். மூன்று மாதம் எழுந்திருக்கவே கூடாது, பலகைமேல்தான் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

உள்ளறையில் பலகை போட்டு அப்பாவைப் படுக்க வைத்தோம். அம்மா சோறும் தண்ணீரும் பக்கத்தில் வைத்துவிட்டுக் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போய்விடுவாள். பலகை ஆடிவிடும் என்று என்னைக் கிட்டே போக விடமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்த அறை வாசற்படியில் உட்கார்ந்து கணக்குப் போடுவேன். அப்பா விட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மூன்று மாதம் கழித்து எழுந்தபோது அவர் கால்கள் குச்சிபோல ஆகியிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். வலி கொஞ்சம் மிச்சமிருந்தது. வண்டியை வேறு டிரைவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பா லாரியே ஓட்டவில்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். “அவரு சொன்னபடி படுத்திருந்ததுனாலதான் இவ்வளவாச்சும் நடக்கறீங்க” என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவைக் கூப்பிட்டேன். அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்கத்தான். படித்ததைச் சொன்னேன்.

“அப்பா, இருக்கீங்களா?”

“இருக்கறேன். நடந்தா நல்லதுன்னா போட்டிருக்குது?”

“ஆமாங்கப்பா. எல்லா முதுகுவலிக்கும் இல்ல. உங்களுக்கு என்ன வலின்னு எனக்குத் தெரியாது.”

“உங்கம்மா வேலைக்குப் போனதுக்கப்புறம் நான் எந்திரிச்சு நடப்பேன் சாமி” என்றார். “அந்த ரூமுக்குள்ளயே. ஒரு பத்து எட்டு எடுத்து வெப்பேன். அப்புறம் போயிப் படுத்துக்குவேன். எந்திரிச்சீங்களான்னு அவ கேப்பா. இல்லைன்னு பொய் சொல்லிப்போடுவேன்.”

எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினேன்.

“நான் நடந்ததுனாலதான் சரியாகலைன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன். வண்டி போனதும் அதனாலதான்னு. அவளுக்கும் சொல்லல. அப்ப நான் பண்ணுனது தப்பில்லையா?”

“தப்பில்லீங்கப்பா.”

“இப்பச் சொல்றதும் நாளைக்கு மாறிப்போச்சுன்னா?”

மாறலாம் என்றேன். சிரிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

போனை வைத்த பிறகு திட்டத்தை எழுத முடியவில்லை. வாசற்படியில் இருந்த என்னிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை. பட்டறையிலோ பஸ்ஸிலோ யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். மனதிலேயே வைத்துக்கொண்டு இத்தனை வருடம் இருந்திருக்கிறார். நான் நாலு நாள் வெறும் கட்டில்களுக்கு நடுவே இருப்பதையே பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அப்பா சோறாக்கி ரசம் வைத்திருந்தார். அந்தப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பினார். நான் உள்ளறையில் உட்கார்ந்து திட்டத்தை எழுதி முடித்தேன். அறையின் நீளத்தை நடந்து பார்த்தேன். பத்து எட்டு வைக்க இடமில்லை. ஏழுதான் வந்தது; மீதி மூன்றைத் திரும்பி நடக்க வேண்டியிருந்தது.

கட்டுரை திரும்பி வந்தபோது அப்பா வரும் பத்திக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘ஒருவரின் அனுபவம் சான்றாகாது’ என்று எழுதியிருந்தது. அது சரிதான். நடந்ததால் அவருக்கு நல்லது நடந்ததா, படுத்ததால் கெட்டதா என்று நானும் நிரூபித்திருக்கவில்லை. மார்க் சுமார்தான்.

அப்பா போனில் கேட்டார். “என்னையப் பத்தி எழுதுனயா?”

“எழுதுனேங்கப்பா.”

“பேரு போட்டயா?”

“இல்லீங்கப்பா. ஒரு லாரி டிரைவர்னு மட்டும் போட்டேன்.”

“பேரு போட்டிருந்தாலும் பரவால்ல சாமி” என்றார்.