சந்தனம் பூசிய பூட்டு

எனக்குப் பத்து வயதாகும்வரை எங்கள் வீட்டு வாசல் கதவில் நாதாங்கி மட்டும்தான் இருந்தது, பூட்டு இருந்ததில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கும் வீடு. உள்ளே பட்டும் சரிகையும் இருக்க, வீட்டைக் காலியாக விட்டுப் போவது அப்பாவுக்கு நினைத்தாலே ஆகாது. கல்யாணமோ திருவிழாவோ, யாராவது ஒருவர் காவல் இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் அம்மாதான். பள்ளியில் ‘என் அம்மா’ என்று கட்டுரை எழுதச் சொன்னபோது, ‘என் அம்மாவுக்கு வெளியே போவது பிடிக்காது’ என்று முதல் வரியிலேயே எழுதினேன். டீச்சர் ‘நன்று’ போட்டிருந்தார்.

அந்த வருஷம் அப்பா வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்தார். புதிதாக வந்த என் சிவப்பு சைக்கிளையும் அதில் சேர்த்தார்கள். ஏஜென்ட் நிபந்தனைகளைப் படித்துக் காட்டினார். ஆள் இல்லாதபோது வாசல் கதவை நல்ல பூட்டாகப் போட்டுப் பூட்ட வேண்டும். உடைத்த அடையாளம் இருந்தால்தான் திருட்டுக்குப் பணம். சைக்கிளை அசையாத பொருள் ஒன்றோடு சேர்த்துப் பூட்ட வேண்டும்.

“நம்ம வூட்லதான் எப்பவும் ஆள் இருக்குதே, பூட்டு இன்னாத்துக்கு?” என்றார் அப்பா.

“கம்பெனியே சொல்லுதுல்ல, வாங்கிடலாம்” என்றாள் அம்மா, அவர் வாய் மூடுவதற்குள்.

பூட்டு வாங்க அம்மாவே என்னை அழைத்துக்கொண்டு கிளம்பியது எனக்கு அதிசயமாக இருந்தது. கடைக்கார பாய் எடுத்துப் போட்ட பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி எடை பார்த்தாள். எத்தனை லீவர், மழையில் துரு பிடிக்குமா, ரம்பத்துக்கு அறுபடுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தனக்குப் புடவை எடுக்கக்கூட அவள் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

“இன்னாம்மா, கோட்டைக் கதவுக்கா?” என்று பாய் சிரித்தார்.

“வூட்டுக்குத்தான் பாய். பூட்டிட்டுப் போனா, திரும்பிப் பாக்கத் தோணக் கூடாது.”

கதவுக்கு ஏழு லீவர் பூட்டு ஒன்றும், சைக்கிளுக்கு விரல் பருமனில் சங்கிலிப் பூட்டு ஒன்றும் வாங்கினோம். எங்கேயும் போகாதவளுக்கு எதற்கு இத்தனை ஆராய்ச்சி என்று எனக்கு மண்டை குடைந்தது. அந்த ஏழு லீவரும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று சாவித் துவாரத்தில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. தறிக்கும் ஊடிழை ஓட்டும் நாடாவுக்கும் சந்தனம் வைத்த கையோடு அப்பா புதுப் பூட்டுக்கும் வைத்தார். சாமி காரியத்தில் அவருக்குக் கை தாராளம். மறுநாள் விஜயதசமி, ஏனாத்தூரில் பெரியம்மாவின் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். பூட்டு வந்துவிட்டதால் அப்பாவும் அம்மாவும் வண்டியில், நான் கூடவே சைக்கிளில் என்று திட்டம். சைக்கிளைக் கண்டு பெரியம்மா பிள்ளைகள் வாயைப் பிளப்பதை ஒரு வாரமாகக் கனவு கண்டிருந்தேன்.

காலையில் அப்பா சாஸ்திரத்துக்கு நாலு இழை நெய்துவிட்டு எழுந்தார். அம்மா பட்டுப் புடவையில் வாசலுக்கு வந்து பூட்டை எடுத்தாள். சாவி உள்ளே போகவில்லை. துவாரத்தில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. கொண்டை ஊசியால் குடைந்தாள், எண்ணெய் விட்டாள், ஊதினாள். நெற்றியில் வியர்வை வழிந்தது.

“சரி, நீ இரு. நாங்க ரெண்டு பேரும் போய் தலையக் காட்டிட்டு வந்துடறோம்” என்றார் அப்பா.

அம்மா கொண்டை ஊசியைத் தலையில் செருகிக்கொண்டாள். நேராக என் சைக்கிளிடம் வந்து சங்கிலிப் பூட்டைக் கழற்றினாள். சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்த் தறிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வந்து, கதவு வளையங்களில் சங்கிலியைக் கோத்துப் பூட்டினாள். நான் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

“அது சைக்கிள் பூட்டும்மா. கம்பெனிக்காரன் ஒத்துக்குவானா?” என்றார் அப்பா.

“ஆள் இல்லாதப்போ நல்ல பூட்டாப் போட்டுப் பூட்டணும்னாங்க. பூட்டிட்டேன். வண்டிய எடுங்க.”

இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு போனேன். அப்பா ஒரு தெரு தாண்டியதும் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். “இந்தக் கட்டடம் எப்போ வந்துச்சு? இங்க ஒரு கிணறு இருந்துச்சே?” நாங்கள் தினமும் பார்ப்பதைப் போய்க் கேட்கிறாளே என்று எனக்கு எரிச்சல்.

சாயங்காலம் திரும்பும்போது அப்பா வண்டியை விரட்டினார்.

“மெதுவாவே போங்க” என்றாள் அம்மா. “பூட்டிக்கினுதானே வந்திருக்கறோம்.”

என் சைக்கிள்மேல் அவளுக்குக் கொஞ்சமும் அக்கறை இல்லை என்ற கோபத்தில் அன்று முழுக்க அவளோடு பேசாமல் இருந்தேன். அந்தக் கட்டுரையின் முதல் வரியில் டீச்சர் திருத்தாமல் விட்ட பிழை எதுவென்று தெரிய எனக்கு இன்னும் பல வருஷங்கள் ஆயின.